வளைவில் போன உயிருக்கு யார் பதில் சொல்வது? பந்தய மரணங்களும் சட்டப் பொறுப்பும்

ஊட்டிக்காரர்களுக்கு ‘ரேஸ்’ என்றால் நெடுநாள் குதிரைதான். இப்போது அந்தச் சொல் மைதானத்தை விட்டு சாலைக்கு வந்துவிட்டது. தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலை, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதை ஆகியவற்றின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெரிய பைக்குகளின் சத்தத்தில்தான் கண் விழிக்கிறார்கள். இன்னொரு பக்கம், முறையாக அனுமதி வாங்கி, வழியை அடைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி நடத்தப்படும் ரேலிகளும் இருக்கின்றன.

இரண்டிலும் உயிர் போகிறது. போனதும் இரண்டு பேச்சு எழும். “ரேஸுக்குப் போனவன் தெரிந்துதானே போனான், யாரைக் குற்றம் சொல்வது?” என்பார் ஒருவர். “நடத்தினவனைப் பிடித்து உள்ளே போடு” என்பார் மற்றவர். சட்டம் இந்த இரண்டையுமே அப்படியே ஏற்பதில்லை. அது கேட்பது வேறு கேள்வி: இறந்தவரைக் கொன்ற அந்த ஆபத்து யார் கையில் இருந்தது? அதைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர், செய்ய வேண்டியதைச் செய்தாரா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், பந்தயம் என்பது எது?

மலைச் சாலையில் நடப்பவற்றைச் சட்டக் கண்ணோடு பார்த்தால் மூன்று வகை.

1. அனுமதியில்லாத தெருப் பந்தயம். நான்கு நண்பர்கள் மேலிருந்து கீழே யார் முதலில் என்று ஓட்டுவது. பரிசுக் கோப்பை இல்லை, கொடி இல்லை என்பதால் அது பந்தயம் இல்லை என்றாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189, மாநில அரசின் எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்கிடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த அனுமதிப்பவர், கலந்துகொள்பவர் இருவரையுமே குற்றவாளி என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

2. அனுமதி பெற்ற பந்தயம். டிராக்கிலோ, அடைக்கப்பட்ட சாலையிலோ நடப்பது. இந்தியாவில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் விதிகளின் கீழ் நடக்கும். அந்தக் கூட்டமைப்பு கார்களுக்கு எஃப்.ஐ.ஏ., பைக்குகளுக்கு எஃப்.ஐ.எம். என்ற உலக அமைப்புகளோடு இணைந்தது.

3. நேரம், வேகம், தூரம் கணக்கிட்டு ஓட்டும் ரேலி. சாலையை அடைக்க மாட்டார்கள், சாதாரணப் போக்குவரத்துக்கு நடுவில்தான் ஓட்ட வேண்டும். குறித்த சராசரி வேகத்துக்கு மேல் போனாலும் கீழே போனாலும் புள்ளி குறையும். வேகம் ஜெயிப்பதில்லை என்பதால் பலரும் இதைப் பந்தயமாகவே நினைப்பதில்லை. இன்சூரன்ஸ் பகுதிக்கு வரும்போது இதற்குத் திரும்புவோம்.

அனுமதி என்பது வெறும் சடங்கல்ல. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பாதையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. முதல் நாள் எஃப்.ஐ.ஏ.வின் பாதைச் சான்று வந்து சேரத் தாமதமானது. உயர்நீதிமன்றம் கெடு விதித்து, சான்று இல்லாமல் வண்டி இறங்கக்கூடாது என்ற நிலையை உறுதியாக வைத்தது. ஒரு காகிதத்துக்காகவா இவ்வளவு என்று அன்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. தடுப்புச் சுவர் எங்கே, எவ்வளவு உயரம், வண்டி தடம் மாறினால் எங்கே போய் நிற்கும் என்பதையெல்லாம் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. உயிர் போன பிறகு நீதிமன்றம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ஒரு மரணம், இரண்டு வழக்குகள்

செய்தி படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். “வழக்கிலிருந்து விடுதலை” என்று வந்தால் இழப்பீடும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு.

குற்ற வழக்கு அரசு நடத்துவது. கேள்வி தண்டனையைப் பற்றியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

இழப்பீட்டு வழக்கு குடும்பம் நடத்துவது. கேள்வி பணத்தைப் பற்றியது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் தப்பியவர் இழப்பீட்டு வழக்கில் தோற்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பணம் தானாக வந்து சேர்ந்துவிடாது.

தண்டனைச் சட்டத்தின் படிகள்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதா இருக்கிறது. பந்தய மரணத்தில் போலீஸ் எடுக்கக்கூடிய பிரிவுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கலாம்.

1. பிரிவு 281: பொதுச் சாலையில் தாறுமாறாக ஓட்டுதல். ஆறு மாதம் வரை சிறை.

2. பிரிவு 106(1): கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். பழைய 304-ஏ. முன்பு இரண்டு ஆண்டு வரை இருந்த சிறை இப்போது ஐந்து ஆண்டு வரை. ஜாமீனில் வரக்கூடிய குற்றம்.

3. பிரிவு 105: கொலையாகாத மரணம் விளைவித்தல். பழைய 304. இப்படிச் செய்தால் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்தார் என்றால் பத்து ஆண்டு வரை சிறை. இதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

இரண்டாவது படிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருப்பது ‘தெரிந்திருந்தது’ என்ற ஒரே சொல். கவனக்குறைவு என்றால், யோசித்திருக்க வேண்டியதை யோசிக்காமல் விட்டது. தெரிந்தே செய்தல் என்றால், யோசித்தும் துணிந்தது. மும்பையில் 2006-ல் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் மீது குடிபோதையில் கார் ஏறிய வழக்கில், இப்படி ஓட்டினால் ஆள் சாவான் என்ற அறிவு ஓட்டுநருக்கு இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம் என உச்சநீதிமன்றம் 2012-ல் சொன்னது. ஞாயிறு காலை, ஊர் பஸ் வரும் நேரம், மூடுபனியில் எதிரே எதுவும் தெரியாத கொண்டை ஊசி வளைவில் வலது பக்கம் ஏறி முந்துகிறவருக்கு அந்த அறிவு இல்லை என்று வாதாடுவது கடினம். அந்த வளைவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தால் இன்னும் கடினம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிவு 18, முறையான காரியத்தை, முறையான வழியில், உரிய கவனத்தோடு செய்யும்போது தற்செயலாக நேர்ந்தது குற்றமல்ல என்கிறது. அனுமதி பெற்ற டிராக்கில், சோதித்த வண்டியில், விதிப்படி ஓட்டும்போது டயர் வெடித்துப் பக்கத்து வண்டி மோதினால் ஓட்டியவருக்கு இந்தப் பிரிவு துணை வரும். தெருப் பந்தயக்காரருக்கு வராது. ‘முறையான காரியம்’ என்ற முதல் வாசலிலேயே அவர் நின்றுவிடுகிறார்.

சம்மதம் என்றால் எதற்குச் சம்மதம்?

“தெரிந்துதானே போனான்” என்ற பேச்சுக்கு உண்மையில் ஒரு சட்ட அடிப்படை இருக்கிறது. விரும்பி ஏற்றவனுக்கு அது தீங்காகாது என்பது ரோமானியர் காலத்து வழக்குமொழி. நம் சட்டத்தில் பிரிவு 25 அதைக் கொண்டிருக்கிறது: மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும், விளையக்கூடும் என்ற அறிவும் இல்லாமல், 18 வயது நிரம்பியவரின் சம்மதத்தோடு செய்தது குற்றமல்ல. சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. இருவர் பொழுதுபோக்காக வாள் வீசி விளையாட ஒப்புக்கொள்கிறார்கள். முறை தவறாமல் விளையாடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர் குற்றவாளி இல்லை.

‘முறை தவறாமல்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சிலம்பம் ஆடுகிறவர் எதிராளியின் கம்பு தன் மேல் படலாம் என்பதற்குச் சம்மதிக்கிறார். கம்புக்குள் யாரோ கத்தி வைத்திருப்பார் என்பதற்குச் சம்மதிக்கவில்லை. பந்தயத்திலும் அதே கணக்குதான். பக்கத்து வண்டி உரசுவது, ஈரத் தார்ச்சாலையில் வழுக்குவது, தன் கணிப்பே தப்புவது ஆகியவை விளையாட்டோடு பிறந்த ஆபத்துகள். தளர்ந்த தடுப்பு, கொடி காட்டத் தெரியாத மார்ஷல் (பாதையோரப் பாதுகாப்புப் பணியாளர்), வராத ஆம்புலன்ஸ் ஆகியவை விளையாட்டோடு பிறந்தவை அல்ல. ஒருவர் செய்யாமல் விட்டவை.

இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகள் இந்தக் கோட்டை அழகாகக் காட்டுகின்றன. இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இங்கே வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தர்க்கம் அவற்றிலிருந்து வருகிறது.

முதலாவது புரூக்லாண்ட்ஸ் வழக்கு. 1930-ல் அந்த டிராக்கில் இரண்டு கார்கள் உரசி, ஒன்று தடுப்புக் கம்பிமேல் பறந்து விழுந்து இரண்டு பார்வையாளர்கள் இறந்தார்கள். டிராக் திறந்து 23 ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை. நியாயமான கவனம் கொண்ட ஒருவர் முன்கூட்டிக் காணக்கூடியதற்கெல்லாம் தடுப்பு வைத்திருந்தார்கள், எனவே நடத்தியவர் பொறுப்பல்ல என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

இரண்டாவது 1972-ல் தீர்ப்பான வழக்கு. பழைய கார்களை ஓட்டும் உள்ளூர்ப் பந்தயம். அதில் ஓட்ட வந்த ஒருவர், தன் முறை இல்லாத நேரத்தில் குடும்பத்தோடு கயிற்றோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு காரின் சக்கரம் கயிற்றில் மாட்டியது. கயிறுகளை எல்லாம் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியிருந்ததால் முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. அவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். கயிறு தப்பாகக் கட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது, தெரியாத ஆபத்துக்கு அவர் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனாலும் குடும்பம் தோற்றது. ‘விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்புப் பலகை வாசலில் இருந்தது என்பதுதான் காரணம். 1977-ல் அந்த நாடு சட்டத்தை மாற்றியது. வணிக அடிப்படையில் நடத்துகிறவர், தன் கவனக்குறைவால் வரும் மரணத்துக்குப் பலகையாலோ பத்திரத்தாலோ விலக்கு வாங்கிக்கொள்ள முடியாது என்றானது.

சரி, அந்தக் கையெழுத்துக்கு இங்கே என்ன மதிப்பு?

போட்டியில் சேரும் ஒவ்வொருவரும் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார். இந்தியாவில் அதற்கு இங்கிலாந்தைப் போலத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அந்தத் தாளின் பலத்தைக் குறைக்கும் நான்கு விஷயங்கள் உண்டு.

1. குற்ற வழக்கை அது தடுக்காது. தண்டிப்பது அரசின் உரிமை. இறந்தவர் அதை எழுதிக்கொடுக்க முடியாது.

2. பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ன் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. என் கவனக்குறைவால் நீ செத்தாலும் என்னை யாரும் கேட்க முடியாது என்ற வாசகத்தை இந்தப் பிரிவின் கீழ் எதிர்க்கலாம்.

3. இறந்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் மனைவியோ தாயோ போடவில்லை. 1855-லேயே வந்த உயிரிழப்பு விபத்துச் சட்டம் குடும்பத்துக்கு வழக்குத் தொடுக்கும் வழி தருகிறது. மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே எழுதிய சட்டம் அது. டிராக்கில் நடந்த மரணத்துக்கு இன்றும் அதன் தேவை இருக்கிறது.

4. சிறுவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைத்த சட்டம்.

நான்காவதை நிறுத்திச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 5 அன்று, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த தேசிய பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். மூடிய டிராக் பொதுச் சாலை அல்ல என்பதால், ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயது வராதவர்களும் கூட்டமைப்பின் போட்டி உரிமத்தோடு ஓட்டுகிறார்கள். பிரிவு 25-ன் சம்மதம் 18 நிரம்பியவருக்கு மட்டும். காப்பாளர் சம்மதத்தைப் பேசும் பிரிவு 27, குழந்தைகளைப் பொறுத்தவரை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது, அதுவும் குழந்தையின் நன்மைக்காகச் செய்வதற்கு. பதின்மூன்று வயதுப் பையன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். அவன் சார்பில் பெற்றோர் கையெழுத்திட்டால் போதுமா என்பதற்கு நம் சட்டத்தில் நேரான விடை எழுதப்படவில்லை. சிறுவர் பந்தயத்துக்கென்று தனி விதி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நல்ல நடத்துநர்களுக்கும் அது பாதுகாப்பு.

பொதுச் சாலையில் நிலைமை தெளிவு. 18 வயது நிரம்பாத, உரிமம் இல்லாத மகனிடம் வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199-ஏ பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால், அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

பொறுப்பு எத்தனை பேர்மேல் விழும்?

இத்தாலியில் பந்தய மரணத்தை அரசு வழக்கறிஞர்கள் குற்றமாக விசாரிப்பது நீண்ட நாள் வழக்கம். யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதைப் படிக்க அந்த நாட்டைவிடச் சிறந்த இடமில்லை.

1957 மே மாதம், பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் மில்லே மிலியா பந்தயத்தில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய ஆல்ஃபோன்ஸோ டி போர்ட்டாகோ, உடனிருந்தவர், சாலையோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். வழக்கு காரைச் செய்த என்ஸோ ஃபெராரி மேல் பாய்ந்தது. அந்த வேகத்துக்கு அந்த டயர் தகுமா என்பதுதான் கேள்வி. 1961-ல் விடுவிக்கப்பட்டார். அந்தச் சாலைப் பந்தயமோ பழைய வடிவில் முடிந்தே போனது.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா டிராக்கில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு பேர்: அணி உரிமையாளர் ஃபிராங்க் வில்லியம்ஸ், தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட், வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, இவர்களோடு டிராக், பந்தய நிர்வாகத்தைச் சேர்ந்த மூவர். சென்னாவுக்கு இடம் போதவில்லை என்பதால் ஸ்டியரிங் தண்டை வெட்டி, மெல்லிய குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். 1997 டிசம்பரில் ஆறு பேருக்கும் விடுதலை. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2007 ஏப்ரலில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம், அந்தத் தண்டு முறிந்ததே காரணம், மாற்றம் மோசமாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது, மேற்பார்வை செய்யத் தவறிய பொறுப்பு ஹெட்டுடையது என்று முடிவு சொன்னது. அதற்குள் காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டனை இல்லை.

பதின்மூன்று ஆண்டு. அதற்குப் பிறகும் உண்மை என்ன என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தது. அந்த வழக்கு சொல்வது எளிது: பொறுப்பு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவரோடு நிற்காது. அந்த ஸ்டியரிங்கைச் செய்தவர், சரிபார்க்க வேண்டியவர் என்று பின்னோக்கிப் போகும்.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்தால் வரிசை இப்படி அமையும்:

1. ஓட்டுநர். விதியை மீறினாரா, தன் கணிப்பில் தவறினாரா என்பது மட்டுமே கேள்வி. தப்பிய கணிப்பு குற்றமாகாது.

2. நடத்துநர். கனமான பொறுப்பு இவருடையது. பாதையை அடைத்தல், மார்ஷல்களுக்குப் பயிற்சி, பார்வையாளர் எங்கே நிற்கலாம் என்று கயிறு கட்டுதல், மருத்துவ ஏற்பாடு எல்லாம் இவர் கையில். குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ தலைக்காயம் பட்டவரைக் கோவைக்கு இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது மலையில் வாழும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரே ஆம்புலன்ஸை வைத்து, அது முதல் காயக்காரரோடு கீழே போன பிறகும் பந்தயத்தைத் தொடர்ந்தால், அடுத்த மரணத்தில் “எதிர்பாராதது” என்ற சொல் எடுபடாது.

3. வண்டியைத் தயார் செய்தவர், சோதித்து அனுப்பியவர்.

4. அனுமதி தந்த அதிகாரிகள். டெல்லி உபார் திரையரங்கில் 1997-ல் 59 பேர் இறந்த தீ விபத்து இதற்கு வழிகாட்டி. உரிமையாளர்கள் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். இழப்பீட்டில் திரையரங்கு உரிமதாரர் 85 சதவீதம், மின்வாரியம் 15 சதவீதம் என்று பிரிக்கப்பட்டது. உரிமம் தந்த அதிகார அமைப்பும் மாநகராட்சியும் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2011-ல் விட்டுவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாமல் கடமையில் தவறியது மட்டும் போதாது என்பது அதன் நிலை. இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்துபூர்வமான இசைவு வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதே யாரோ ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பந்தயம் பார்க்கவே வராதவர்

இதுவரை பேசியது ஓட்டுகிறவர், பார்க்கிறவர் பற்றி. இருவருமே ஏதோ ஓர் அளவில் தெரிந்து வந்தவர்கள். மூன்றாவது ஓர் ஆள் இருக்கிறார்.

2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ரேலி நடந்தபோது, பந்தயப் பாதைக்குள் வந்துவிட்ட மோட்டார் சைக்கிள்மீது கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள்.  சம்மதம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஓட்டுநர், நடத்துநர் எல்லார் மேலும் வழக்குப் பதிவானது. ரேலி ஓட்டுநர் முன்னால் உள்ள பாதை காலியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஓட்டுகிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நடத்துநர். எனவே, கயிறு கட்டாத ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தால், கேள்வி முதலில் நடத்துநரிடம்தான் போக வேண்டும்.

நீலகிரியில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு. ஓர் எஸ்டேட் சாலையில் ரேலி ஸ்டேஜ் (வழியை அடைத்து வேகமாக ஓட்டும் பகுதி) வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே கேட், கீழே கேட், இரண்டையும் பூட்டியாகிவிட்டது. தனியார் சாலை, எனவே அரசு இசைவு வேண்டாம் என்கிறார் நடத்துநர். ஆனால் எஸ்டேட் சாலைக்குக் கேட் வழியாக மட்டுமா ஆள் வருகிறார்? தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து படிக்கட்டு இறங்குகிறது. கொழுந்து பறிப்பவர்கள் செடிகளுக்கு நடுவே வந்து சாலையைக் கடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் குறுக்கு வழியில் வருகிறார்கள். காட்டுமாடு வருவதை யாரும் கேட்டுக்கொண்டு இருப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(34)-ல் ‘பொது இடம்’ என்பதற்கு, பொதுவழியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுமக்களுக்குப் போய்வரும் உரிமையுள்ள சாலை, தெரு, இடம் என்று பொருள் எழுதியிருக்கிறது. நீதிமன்றங்கள் இந்தச் சொல்லை விரித்தே படித்து வந்திருக்கின்றன. நிலம் யார் பெயரில் என்பது மட்டும் போதாது, யார் யார் அங்கே நடக்கிறார்கள் என்றும் பார்க்கிறார்கள். தலைமுறையாக நடந்த வழி என்றால், கேட்டில் தொங்கும் ‘தனியார் சாலை’ பலகையை நம்பி இசைவு வாங்காமல் விடுவது நடத்துநருக்கே ஆபத்து.

இன்சூரன்ஸ் எங்கே கைவிடும்?

குடும்பங்கள் கடைசியில் கண்டுபிடிப்பது இதை. முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

வண்டியின் சாதாரணப் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பாலிசி செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். நேரக் கணக்கு ரேலிக்குக் கார் கொடுக்கும் முன் இந்த வரியைப் படியுங்கள். “இது ரேஸ் இல்லையே” என்ற வாதத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நடத்துநர் அந்த நிகழ்ச்சிக்கென்று தனிப் பாலிசி எடுத்திருக்கிறாரா, அது மூன்றாம் நபருக்கும், அதாவது வண்டி மோதிப் பாதிக்கப்படும் வெளியாளுக்கும், பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 150-ம், ஏற்பாடு செய்த பந்தயத்துக்கு வண்டி பயன்பட்டது என்ற காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பை மறுக்க வழி தருகிறது. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அப்படி உத்தரவானால், பைக்கை நண்பனிடம் கொடுத்தவரின் வீடும் நிலமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

தெருப் பந்தயத்தில் ஓட்டியவரே இறந்தால்? தன் தப்பால் இறந்தவரின் குடும்பம் தன் வண்டியின் மூன்றாம் நபர் பாலிசியில் கேட்க முடியாது. தன் தாறுமாறான ஓட்டத்தால் இறந்த ஒருவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்ததும் இந்த அடிப்படையில்தான். பிள்ளையும் போய், கடனும் நிற்கும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

வழியில் நின்ற அப்பாவி இறந்தால் நிலைமை வேறு. பிரிவு 164-ன்படி யார் தப்பு என்று நிரூபிக்காமலே ஐந்து லட்சம் ரூபாய் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் பிரிவு 166-ன் கீழ்த் தப்பை நிரூபித்துக் கேட்க வேண்டும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் பிரிவு 161-ன் கீழ் இரண்டு லட்சம்.

முதல் சில நாட்களில் சேர்க்க வேண்டியவை

மலையில் தடயம் சீக்கிரம் அழியும். ஒரு மழை போதும், டயர்த் தடம் போய்விடும். ஆகையால் குடும்பமோ நண்பர்களோ இவற்றை உடனே கவனிக்க வேண்டும்.

1. எஃப்.ஐ.ஆர். நகலைப் படிக்கவும். பந்தயம் நடந்தது என்பதோ, நடத்தியவர் யார் என்பதோ விடுபட்டிருந்தால் எழுத்தில் புகார் கொடுக்கவும். ‘வண்டி கட்டுப்பாட்டை இழந்து’ என்ற ஒற்றை வரியோடு முடிந்த எஃப்.ஐ.ஆர். பின்னால் பல கதவுகளை அடைக்கும்.

2. வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தரும்வரை எடுத்துப்போக விடக்கூடாது. சென்னா வழக்கில் கடைசிவரை பேசியது அந்த முறிந்த தண்டுதான்.

3. ஹெல்மெட்டில் வைத்த கேமரா, நண்பர்களின் போன் வீடியோ, குழுவில் ‘நாளை ஆறு மணிக்குக் கல்லட்டி’ என்று போன செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்கவும். பயத்தில் முதலில் அழிவது இவைதான்.

4. அனுமதி பெற்ற போட்டி என்றால், கையெழுத்திட்ட பத்திரம், போட்டி விதிகள், பாதுகாப்புத் திட்டம், மார்ஷல்கள் பட்டியல், மருத்துவக் குழு விவரம் ஆகியவற்றின் நகலை எழுத்தில் கேட்கவும்.

5. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மரணத்தின் காரணத்தோடு, எத்தனை மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள் என்பதையும் பார்க்கவும். ஆம்புலன்ஸ் தாமதம் பற்றிய கேள்விக்கு அந்த நேரம்தான் பிடி.

6. காலவரம்பு. 2019 திருத்தம் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதம் என்று வைத்தது. அதை நம்பித் தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே வக்கீலைப் பார்ப்பது நல்லது. டிராக் மரணத்துக்கு 1855 சட்டத்தின் கீழ் சிவில் வழக்கு என்றால், இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. பிரிவு 166(2), குடும்பம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம் என்கிறது. கோத்தகிரி வளைவில் மகனை இழந்த ஈரோட்டுப் பெற்றோர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதே வளைவைக் கடந்து ஊட்டிக்கு வர வேண்டியதில்லை.